மைக்குல நான் சொன்ன சாட்சி

எங்கம்மா தக்காளிக்கு ஸ்தோத்திரம் சொல்லும். நெசமாத்தான். பரவை மார்க்கெட்டுல தக்காளி பொறுக்குற வேல அதுக்கு. லாரியில வந்து எறங்குற பெட்டியக் கவுத்து, கெட்டிக்காய் ஒரு பக்கம், பழுத்தது ஒரு பக்கம், அழுகுனது ஒரு பக்கம்னு பிரிச்சுப் போடணும். ஒவ்வொரு பெட்டியக் கவுக்கும்போதும் "ஸ்தோத்திரம் ஆண்டவரே"ன்னுதான் கவுக்கும். டீ வந்தா ஒரு ஸ்தோத்திரம். டீ ஆறிப்போயி வந்தா, வாய் சுடாமக் குடிக்கலாம்னு அதுக்கும் ஒண்ணு.

எங்கம்மாவுக்கு எதுத்தாப்ல உக்காந்து பொறுக்குறவங்கள நான் சித்தின்னு கூப்பிடுவேன். ரத்த சொந்தம் இல்ல, மார்க்கெட்டுல பழகுன சொந்தம். எங்கம்மா கூட்டிட்டுப் போயித்தான் அவங்களும் எங்க சபைக்கு வர ஆரம்பிச்சாங்க. ஆனா வாய் மட்டும் அடங்காது.

"ஏக்கா, அழுகுன தக்காளிக்குமா ஸ்தோத்திரம்?"

"அதக் கண்ணுல காட்டுனாருல்ல தங்கச்சி. நல்லதோட கலந்து போயிருந்தா மொதலாளி நம்மளத்தான வைவாரு."

"அப்ப மொதலாளிக்கும் ஒண்ணச் சொல்லு."

"அவருக்கு நாளைக்கு."

சுத்தி இருக்க பொம்பளைக அம்புட்டுப் பேரும் சிரிப்பாங்க. எங்கம்மாவும் சிரிக்கும். கை மட்டும் நிக்காது.

எங்கப்பா நான் கைப்பிள்ளையா இருக்கும்போதே தவறிட்டாரு. அப்பதான் எங்கம்மா சபைக்குப் போச்சு. எங்க சொந்தக்காரங்க யாரும் வரல. மேலூர்ல இருக்க எங்க மாமா, அம்மாவோட கூடப்பொறந்த தம்பி, கல்லுக்குவாரியில வேல பாக்குறாரு. அவரு அம்மன் கோயிலுக்குத் தீச்சட்டி எடுக்குறவரு. வீட்டுக்கு வந்தா எங்கம்மாவ ஓட்டிக்கிட்டே இருப்பாரு.

"ஏன்க்கா, உங்க சாமிக்குக் காது மந்தமா? நாள்பூராக் கூப்புட்டுக்கிட்டே இருக்க?"

"அவருக்கெல்லாம் நல்லாத்தான்டா கேக்குது. எனக்குத்தான் மறந்து மறந்து போகுது. அதான் சொல்லிக்கிட்டே இருக்கேன்."

இம்புட்டு ஸ்தோத்திரம் சொல்ற மனுசி, சபைக்குப் போனா வாயத் தொறக்காது. கடைசிப் பாயில, செவுத்துல சாஞ்சு உக்காந்திருக்கும். எங்க சபையில பாட்டு முடிஞ்சதும் சாட்சி நேரம். அந்த வாரத்துல ஆண்டவரு யாருக்கு என்ன நன்ம செஞ்சாரோ, எந்திரிச்சு மைக்கப் பிடிச்சுச் சொல்லணும். வேல கெடச்சது, காய்ச்சல் விட்டது, மகன் குடிய நிறுத்துனதுன்னு சொல்லுவாங்க. எல்லாரும் கை தட்டுவாங்க. எங்கம்மா ஒரு தடவகூட எந்திரிச்சதில்ல. கேட்டா, "வாரம்பூராச் சொல்லிட்டேன்ல பாப்பா, இனி அங்க வேற போயி என்னத்தச் சொல்ல"ன்னும்.

எனக்கு மைக்குன்னா ஆச. உள்ளதச் சொல்லிர்றேன். நான் எட்டாவதோட நின்னவ. கணக்கு வரல, டீச்சர் எல்லாரு முன்னாடியும் எந்திரிச்சு நிக்க வைப்பாங்க, அதுக்குப் பயந்தே போறதில்ல. அதுக்கப்புறம் வீடு, மார்க்கெட்டு, சபை. என் பேச்ச எங்கயும் ஒருத்தரும் நின்னு கேட்டதில்ல. சபையில மட்டுந்தான் நான் பேசுனா ஒரு கூட்டமே கேக்கும். "சிஸ்டர் என்ன அழகாச் சொல்றாங்க"ன்னு பாஸ்டரம்மா ஒரு தடவ சொன்னாங்க. அத நெனச்சு நெனச்சு ஒரு வாரம் சந்தோசமா இருந்தேன். தலவலி போனதக்கூடப் பெருசா ஜோடிச்சுச் சொல்லுவேன்.

எங்கம்மாவுக்குச் சுகர் இருந்துச்சு. ரொம்ப வருசமாவே உண்டு. காலையில ஒரு மாத்திர, ராத்திரிக்கு ஒண்ணு. அதுக்கும் ஸ்தோத்திரம் சொல்லித்தான் முழுங்கும்.

போன வருசம் சபையில மூணு நாள் உபவாச ஜெபம் போட்டாங்க. பகல்ல மார்க்கெட்டுக்கு லீவு சொல்லிட்டு அம்மா மூணு நாளும் தண்ணி மட்டும் குடிச்சுக்கிட்டு ஒக்காந்துச்சு. வெறும் வயித்துல மாத்திர போட்டா கிறுகிறுன்னு வருதுன்னு அதாவே மாத்திரையவும் விட்டுருச்சு. யாரும் விடச் சொல்லல. மூணாம் நாள் சாயங்காலம், கஞ்சி குடிக்கிறதுக்கு முன்னாடி, சபையில ஒரு சிஸ்டர் விரல்ல குத்திப் பாக்குற மெஷினு வச்சிருந்தாங்க. சும்மா பாப்போம்னு குத்துனாங்க. நூத்தி இருவதோ என்னமோ காட்டுச்சு. எங்கம்மாவுக்கு இருநூத்தம்பதுக்குக் கீழ நான் பாத்ததே கெடையாது. அதுவும் மாத்திர போடாம.

அங்கயே முழங்கால் போட்டு எல்லாரும் அழுதோம். நான் அழுத அழுக இன்னும் ஞாபகம் இருக்கு. பொய் அழுக இல்ல. ஆண்டவரு எங்க வீட்டுக்கு வந்துட்டாருன்னு நெசமாவே நெனச்சேன்.

ஞாயித்துக்கெழம சாட்சி நேரத்துல நான் எந்திரிச்சேன். எங்கம்மாகிட்டக் கேக்கல. "எங்கம்மாவோட சுகர் வியாதிய ஆண்டவரு வேரோட எடுத்துப்போட்டாரு. மாத்திர இல்லாம நார்மலாயிருச்சு"ன்னு சொன்னேன். வேரோடன்னு சொல்லச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல. நானாத்தான் சேத்துக்கிட்டேன். மேல கூரை தூக்குற மாதிரி சத்தம். பாஸ்டர் ஐயா கையத் தூக்கிக்கிட்டு அழுதாரு. ஒரு அண்ணே போன்ல படம் பிடிச்சு சபை குரூப்புல போட்டாரு. அத நான் திரும்பத் திரும்பப் பாத்தேன். அம்மா அதுல எங்க இருக்குன்னு தேடல. என் மூஞ்சிய மட்டும் பாத்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா கேட்டுச்சு.

"ஏன் பாப்பா, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லிருக்கலாம்ல?"

"நல்லதத்தானம்மா சொன்னேன்."

"நல்லதுதான். ஆஸ்பத்திரியில ஒருக்காப் பாத்துட்டுச் சொல்லிருக்கலாம்."

"ஒனக்கு விசுவாசம் இல்லையாம்மா?"

இதத்தான் கேட்டேன். இருவத்தோரு வயசுல, தக்காளிக்குக்கூட நன்றி சொல்ற ஒரு பொம்பளையப் பாத்து, மைக்குல பேசுன திமிருல, ஒனக்கு விசுவாசம் இல்லையான்னு கேட்டேன். அன்னைக்கு ராத்திரி அம்மா மாத்திர டப்பாவ எடுக்கல. மறுநாளும் எடுக்கல. நான் அதப் பாத்து சந்தோசப்பட்டேன்.

அஞ்சாறு மாசம் ஓடுச்சு. அம்மா எளச்சுக்கிட்டே வந்துச்சு. தண்ணியா குடிக்கும். மார்க்கெட்டுல ஒரு நா ஒடஞ்ச பிளாஸ்டிக் பெட்டி காலக் கிழிச்சிருச்சு. தக்காளித் தண்ணியிலயும் சகதியிலயும் நிக்கிற காலு. மஞ்சள வச்சுக் கட்டிக்கிட்டு வேலைக்குப் போச்சு. வலிக்கலன்னு சொல்லுச்சு. வலிக்காததுதான் கெட்டதுன்னு எனக்கு அப்பத் தெரியாது. கட்ட அவுத்தா நாத்தம். பெருவெரலு கறுத்துப் போயிருந்துச்சு.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்மா"ன்னு நான்தான் கெஞ்சுனேன். இப்ப நான் கெஞ்ச, அது வேணாங்குது.

"பிள்ள சபையில சாட்சி சொல்லிருச்சு. இப்ப நான் போயி சுகர் சீட்டு வரிசையில நின்னா, பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க? பிள்ள பொய் சொல்லிருச்சும்பாங்க. உனக்கு அந்தப் பேரு வேணாம்."

ஆண்டவருக்காகக்கூட இல்ல. என் பேருக்காக. என் மைக்குப் பேச்சக் காப்பாத்த எங்கம்மா காலப் பணயம் வச்சுச்சு.

நான் மேலூருக்குப் போன் போட்டேன். மாமா வேல ட்ரெஸ்ஸோட, கல்லுத்தூசி தலையெல்லாம் அப்பிக்கிட்டு வந்து நின்னாரு. கால் கட்ட அவுத்துப் பாத்தாரு. அன்னைக்கு அம்மாவ ஓட்டல. "எந்திரிக்கா"ன்னு மட்டும் சொன்னாரு. தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ஆட்டோவுல ஏத்துனாரு.

பெரியாஸ்பத்திரியில அம்மாவுக்குச் சுகர் பாத்த நர்சம்மாகிட்ட நான் சொன்னேன், எங்கம்மாவுக்குச் சுகர் போயிருச்சுங்க, நாங்க பாத்தோம், நூத்தி இருவதுதான் இருந்துச்சுன்னு. எப்பப் பாத்தீங்கன்னு கேட்டாங்க. உபவாசத்த சொன்னேன். அந்தம்மா கோவப்படல, அதான் இன்னும் கஷ்டமா இருக்கு. அலுத்துப்போன மாதிரிச் சொன்னாங்க:

"மூணு நாளு ஒண்ணும் திங்கலன்னா யாருக்குத்தாம்மா சுகர் ஏறும்?"

எட்டாவது படிச்சவளுக்கே புரியிற விசயம். எங்க சபையில படிச்சவங்க எத்தனையோ பேரு இருக்காங்க. ஒருத்தருக்கும் தோணல. தோணுனவங்க சொல்லல.

மொதல்ல வெரல எடுத்தாங்க. அப்புறம் முட்டிக்குக் கீழ எடுத்தாங்க. அந்த வார்டுலயும் எங்கம்மா வாய் நிக்கல. பக்கத்துக் கட்டில் அம்மாவோட சொந்தக்காரங்க சுடுதண்ணி குடுத்தா ஸ்தோத்திரம். காத்தாடி ஓடுனா ஸ்தோத்திரம். பக்கத்துக் கட்டில் அம்மா அவனியாபுரத்துக்காரங்க, பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டுக் கேட்டேபுட்டாங்க.

"ஏம்மா, கால எடுத்தாங்களே, அதுக்கும் சொல்லிட்டியா?"

எங்கம்மா போர்வைக்கு மேல கால் இருந்த எடத்தத் தடவிப் பாத்துச்சு.

"இன்னும் சொல்லலம்மா. வாயில வர மாட்டேங்குது. பொய்யாச் சொன்னா அவருக்குத் தெரிஞ்சிரும்."

எனக்கு அப்பத்தான் ஒறச்சுச்சு. இது வாய்ப்பழக்கம்னுதான் நான் அம்புட்டு நாளும் நெனச்சுக்கிட்டு இருந்தேன். சொல்ல முடியாதத சொல்லாம விடுற அளவுக்கு அது ஒவ்வொண்ணையும் பாத்துப் பாத்துத்தான் சொல்லிருக்கு. வேலையும் கும்புடுறதும் அதுக்கு வேற வேற இல்ல. தக்காளியப் பிரிக்கிற மாதிரியே அதையும் பிரிச்சிருக்கு. நான்தான் எல்லாத்தையும் ஒரே பெட்டியில அள்ளிப்போட்டு, மேல நல்லத அடுக்கி, மைக்குல வித்தேன்.

ரத்தத்துல சீழ் கலந்துருச்சுன்னாங்க. ஆஸ்பத்திரியில சேத்த ஒம்பதாம் நாள் மத்தியானம் எங்கம்மா செத்துப்போச்சு.

பாஸ்டர் ஐயாவக் கெட்டவருன்னு சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு மூணு நாளு வந்து வெளிய தரையில உக்காந்திருந்தாரு. குழி வெட்ட ஆள் ஏற்பாடு பண்ணுனது அவருதான். எங்கம்மா பெட்டிய அவரும் தூக்குனாரு. ஆனா அடக்க ஆராதனையில பேசும்போது சொன்னாரு: "சகோதரியோட சுகர் வியாதிய கர்த்தர் முழுசாக் குணமாக்குனாரு. கால்ல பட்ட புண்ணுனாலதான் அவருகிட்டப் போயிட்டாங்க." புண்ணு வேற, சுகர் வேறயாம். மாமா என் பக்கத்துல நின்னு பல்லக் கடிச்சது எனக்குக் கேட்டுச்சு. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன்.

அடக்கம் முடிஞ்சு ஒரு வாரத்துல மார்க்கெட்டுல அம்மா எடத்துல நான் போயி உக்காந்தேன். எதுத்தாப்ல சித்தி. பெட்டியக் கவுத்தா என் வாயில தானா ஸ்தோத்திரம்னு வருது. வந்ததும் எனக்கே காரித் துப்பணும் போல இருக்கும். எனக்கும் ஆண்டவருக்கும் இப்பப் பேச்சு சரியில்ல. நாளெல்லாம் சண்டதான் போடுறேன். ஏன் அந்த மெஷினுல நூத்தி இருவதக் காட்டுனீருன்னு கேக்குறேன். கேக்காம இருக்க முடியல. வேற யாருகிட்டப் போயிக் கேப்பேன்?

அப்படி இருக்கும்போதுதான் சித்தியக் கவனிச்சேன். ஒரு பெட்டி முடிக்கிறதுக்குள்ள ஒரு பாட்டில் தண்ணி. எந்திரிச்சு எந்திரிச்சு பாத்ரூம் போறாங்க. எங்கம்மா மாதிரியே.

"சித்தி, ஒங்களுக்கும் சுகர் இருக்குல்ல? மாத்திர போடுறீகளா?"

"அதெல்லாம் எப்பவோ நிறுத்தியாச்சு தாயி."

"எப்ப?"

"நீ சாட்சி சொன்னேல்ல, அன்னைக்குத்தான். அக்காவுக்குச் செஞ்சவரு எனக்குச் செய்ய மாட்டாராக்கும்?"

கையில இருந்த தக்காளி பிதுங்கி மடியெல்லாம் ஒழுகிருச்சு. "சித்தி, அது பொய்யி"ன்னேன். அவங்க நம்பல. எழவு விழுந்த வீட்டுப் பிள்ள, மனசு ஒடஞ்சு பேசுதுன்னு நெனச்சாங்க. "பாஸ்டரே அடக்கத்துல சொன்னாருல்ல, புண்ணுதான்னு"ன்னு என்னயத் தேத்துறாங்க.

அன்னைக்குச் சாயங்காலமே பாஸ்டர் ஐயா வீட்டுக்குப் போனேன். நர்சம்மா சொன்னதச் சொன்னேன். சித்தியப் பத்திச் சொன்னேன். சபையில நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கய்யான்னு கேட்டேன்.

"நான் யாரையும் மாத்திர நிறுத்தச் சொல்லல சிஸ்டர்."

"சொல்லலய்யா. நிறுத்தாதீங்கன்னும் சொல்லலல்ல?"

"இப்பப் போயி அது அற்புதம் இல்லன்னு சொன்னா, விசுவாசத்துல பலவீனமா இருக்கவங்களுக்கு இடறலாயிரும். அம்மாவோட நல்ல சாட்சிய நாமளே அழிச்ச மாதிரி ஆயிரும். ஜெபம் பண்ணுவோம்."

அது அம்மாவோட சாட்சி இல்ல, என்னோடதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

நாப்பதாம் நாள் வீட்டு முன்னாடி பந்தல் போட்டு ஸ்தோத்திரக் கூட்டம் வச்சாங்க. சபை ஆளுக, மார்க்கெட்டுப் பொம்பளைக, மாமா, அத்தை எல்லாரும் வந்திருந்தாங்க. சித்தி மொத வரிச சேர்ல. வழக்கம்போல மகள் ரெண்டு வார்த்த பேசட்டும்னு பாஸ்டர் ஐயா மைக்க நீட்டுனாரு. குடுக்கும்போது என் கண்ணப் பாத்தாரு. வேணாம்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. நான் வாங்கிக்கிட்டேன்.

"நான் சொன்ன சாட்சி பொய்யி"ன்னு ஆரம்பிச்சேன். குரல் ஒடஞ்சிருச்சு. நான் அழப்போறேன்னு நெனச்சு கீபோர்டு வாசிக்கிற அண்ணே, எப்பவும் செய்யிற மாதிரி, மெதுவா ஒரு சோக ராகத்த எடுத்து விட்டாரு. அது எங்க சபையில வழக்கம். யாரு உருகிப் பேசுனாலும் பின்னாடி அந்த மியூசிக் வரும். "எங்கம்மாவுக்குச் சுகர் போகவே இல்ல"ன்னேன். "அல்லேலூயா"ன்னு பின்னாடி ஒரு குரல். "மூணு நாள் சாப்பிடாததுனாலதான் கொறஞ்சுச்சு"ன்னேன். "ஆமென், ஆமென்"ங்குறாங்க. என்ன சொல்றேன்னு யாருமே கேக்கல. மைக்கும் மியூசிக்கும் இருந்தா அவங்களுக்கு அது சாட்சிதான். நான் பழக்கி விட்ட காதுதான அதெல்லாம்.

"அண்ணே, அத நிறுத்துங்கண்ணே!"ன்னு கத்திட்டேன். கீபோர்டு நின்னுச்சு. அப்பத்தான் பந்தலே அமைதியாச்சு. நான் மைக்கக் கீழ வச்சுட்டு வெறும் வாயால சொன்னேன்.

"மாத்திரைய விட்டதுனாலதான் எங்கம்மா செத்துச்சு. நான் கேட்ட கேள்வியாலதான் விட்டுச்சு. என் சாட்சியக் கேட்டு யாராச்சும் மாத்திரைய நிறுத்தியிருந்தா, இன்னைக்கே போட்டுருங்க. ஆண்டவரு கோவிச்சுக்க மாட்டாரு. கோவிச்சா என்னயக் கோவிக்கட்டும்."

ஒருத்தரும் ஆமென் சொல்லல. பாஸ்டர் ஐயா ஒரு பாட்டு நம்பரச் சொன்னாரு. எல்லாரும் புஸ்தகத்தப் புரட்டுனாங்க. சித்தி எந்திரிச்சு, சேலத் தலப்ப உதறிக்கிட்டு என்கிட்ட வந்தாங்க.

"செத்தவ பேரக் கெடுத்துட்டியேடி. அவ இருந்தா ஒன் வாயில சூடு வச்சிருப்பா."

சாப்பிடாமப் போயிட்டாங்க. மாமா மட்டும் என் தலையில கைய வச்சு, "போதும், வா, எல போடு"ன்னாரு.

மறுநாள் மார்க்கெட்டுல சித்தி சாக்கத் திருப்பிப் போட்டு எனக்கு முதுகக் காட்டி உக்காந்திருந்தாங்க. அதுக்கு மறுநாளும் அப்பிடித்தான். முதுகப் பாத்துக்கிட்டே பொறுக்குனேன். தண்ணி பாட்டிலு மட்டும் காலியாகிக்கிட்டே இருந்துச்சு. அடுத்த வாரம் ஒரு நா, திரும்பாமலே கேட்டாங்க.

"அவளுக்கு மொதல்ல எங்க நோவு வந்துச்சு? கால்லயா?"

"நோவே வரல சித்தி. மரத்துத்தான் போச்சு."

சித்தி இன்னொரு பெட்டியக் கவுத்தாங்க.

"எனக்கு எடது கால்ல செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரிய மாட்டேங்குது. நேத்து ரோட்டுல விட்டுட்டு வந்துட்டேன்." அப்புறம் திரும்பி ஒரு மொற மொறச்சாங்க. "ஆஸ்பத்திரிக்கு எப்பப் போகணும், சொல்லு. ஆனா சபையில ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சுச்சு, ஒன்னயக் கொன்னே போடுவேன்."

ரெண்டு பேரும் வேலைக்கு லீவு சொல்லிட்டு பஸ்ஸுல போனோம். சித்தி முக்காட்ட இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டாங்க, களவாங்கப் போறவங்க மாதிரி. சுகர் பாக்குற வரிசையில எங்களுக்கு முன்னாடி நெறையப் பேரு. எங்க முறை வந்துச்சு. நர்சு விரல்ல குத்தி, மெஷினப் பாத்துட்டு, சித்தியப் பாத்துட்டு, திரும்ப மெஷினப் பாத்தாங்க. எங்கம்மாவப் பாத்த நர்சு இல்ல, வேற ஆளு, சின்ன வயசு.

"இம்புட்டு இருக்கே! மாத்திர போடுறீங்களா இல்லையா?"

"இல்லம்மா."

"யாரு நிறுத்தச் சொன்னது?"

சித்தி முக்காட்ட எறக்குனாங்க. வரிசையில நிக்கிற அம்புட்டுப் பேருக்கும் கேக்குற மாதிரி, என்னயக் கையக் காட்டி, "இந்தா நிக்கிறால்ல, இவதான்"னாங்க.

நர்சு நிமிந்து என்னயப் பாத்தாங்க. "நீங்களாம்மா?"

"ஆமாங்க. நான்தான் சொன்னேன்."

நல்லா வஞ்சாங்க. எனக்குப் பின்னாடி நின்னவங்களும் சேந்து வஞ்சாங்க, படிச்ச பிள்ள மாதிரி இருக்க, அறிவில்லையான்னு. நர்சு சீட்டக் கிழிச்சுக் குடுத்து, "மாத்திர வாங்க அந்த வரிச, போங்க"ன்னாங்க. சித்தி என்னயப் பாக்காமலே சீட்ட என் கையில திணிச்சுட்டு, கால் மரத்துப்போச்சுன்னு பெஞ்சுல போயி உக்காந்துக்கிட்டாங்க. நான் போயி வரிசையில நின்னேன்.